முனிர்காவில் ஒரு மாடி அறை

வேலை நேர்காணலுக்காகச் சென்னையிலிருந்து தில்லி வந்தேன். நேற்று கையை விரித்துவிட்டார்கள். இன்று ஞாயிறு. முனிர்கா சந்தில், மாடி அறையொன்றில் நடக்கும் தமிழ் ஆராதனையில் உட்கார்ந்திருக்கிறேன். ஜெபிக்க வாய் வரவில்லை. பக்கத்தில் முழங்காலிட்டிருந்த ஸ்டெல்லா, திருநெல்வேலிப் பெண், தெளிந்த முகத்தோடு எழுகிறாள்.

"ரொம்ப நேரம் ஜெபிச்சியே?"

"ஜெபமா? சண்டை, அக்கா! மூணாவது தடவையும் பரீட்சை போச்சு. ஏன் ஆண்டவரேன்னு நல்லா கேட்டுட்டேன்."

"பதில் சொன்னாரா?"

"இல்ல. ஆனா கோவப்படாம பூராத்தையும் கேட்டுக்கிட்டாரு. இப்பதான் எனக்குப் பசிக்கி. வாங்க, கீழ மோமோ சாப்பிடலாம்."

"நீ போ, வந்துடுறேன்."

முழங்காலிடுகிறேன். "ஆண்டவரே, நேற்று ஏன் அப்படி?" கோபமாகத்தான் தொடங்குகிறேன். பாதியிலேயே மனம் லேசாகி, சிரிப்பு வருகிறது.

படியிலிருந்து ஸ்டெல்லாவின் குரல்: "ஜல்தி வாங்க அக்கா, மோமோ ஆறுது!"