ஜெபக்கனியின் ஈர்க்கு

செய்தி வந்தபோது நான் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றுகொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். ஜெபக்கனியின் மகள் பியூலா போனில், "மாமா, அம்மா போயிட்டா. காப்பி குடிச்சிட்டு நாற்காலில இருந்தா, அப்படியே சாஞ்சிட்டா" என்றாள். பாதி கடைந்த உருளை ஒன்று இயந்திரத்தில் மாட்டியபடி இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் சட்டையை மாட்டினேன். அரைகுறையாக விட்டு வந்தேன் என்று தெரிந்தால் ஜெபக்கனி சவப்பெட்டியிலிருந்தே எழுந்து ஏன் என்று கேட்டிருப்பார்.

விக்கிரமசிங்கபுரம் கல்லறைத் தோட்டத்தில் உங்களில் பலரைப் பார்த்தேன். நூல் மில்லில் அவரோடு நின்றவர்கள், கோயில் பொது விருந்தான அசனத்தின் பந்தியில் அவரோடு பரிமாறியவர்கள். போதகர் நன்றாகப் பேசினார். கால் உருட்டும் பலகையை வீட்டிலேயே செய்து, அதைத் தொழிலாக்கிய சகோதரி என்றார். அந்தப் பலகையில் உருளைகள் இருக்கின்றன, அவற்றை ஒருவன் கடைந்தான் என்பதை அவர் சொல்லவில்லை. பதினோரு வருடமாக ஒவ்வோர் உருளையையும் கடைந்தவன் நான். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஜெபக்கனி உயிரோடு இருந்திருந்தால் அங்கேயே குறுக்கிட்டுத் திருத்தியிருப்பார். இல்லாததால் நானே எழுதுகிறேன். எழுத வேறொரு காரணமும் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

அவர் மில்லிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் அம்பாசமுத்திரத்தில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். கட்டில் கால், சொப்புச் சாமான் கடைந்துகொண்டிருந்தேன். யாரிடமும் தொழில் படித்தவன் இல்லை. பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி, விரலை இரண்டு தடவை கிழித்துக்கொண்டு நானே படித்தது. அவர் பையிலிருந்து ஒரு பலகையை எடுத்து வைத்தார். மில்லில் கழித்துப்போட்ட மரக் கட்டைகள், நூல் சுற்றுகிற பாபின்கள், ஆறு. குடைக்கம்பியில் கோத்துப் பலகையில் அடித்திருந்தார்.

"அண்ணாச்சி, இது சரியா உருள மாட்டக்கு. என்னன்னு பாருங்க."

"காலை உருட்டுததுக்கு ஒரு சாமானா? பைய நாலு தெரு நடந்தா போதாதாம்மா?"

"முப்பது வருசம் தெனம் எட்டு மணி நேரம் நின்னு பாத்துட்டு வந்து பேசுங்க அண்ணாச்சி. அதுவரைக்கும் நான் இங்கனயே இருக்கேன்."

உண்மையாகவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பூவரசில் ஆறு உருளை கடைந்து கொடுத்த பிறகுதான் எழுந்தார். மறு வாரம் மில்லில் அவரோடு வேலை பார்த்த நாலு பெண்கள் தங்களுக்கும் வேண்டும் என்று வந்தார்கள். தொழில் அப்படித் தொடங்கியது. பலகை அறுப்பதும் கம்பி கோப்பதும் விற்பதும் அவர் பொறுப்பு. உருளை என் பொறுப்பு.

முதல் பெரிய தப்பு என்னுடையதுதான். அசனப் பண்டிகைக்கு நாற்பது பலகை கொண்டுபோவதென்று முடிவானது. அழகாக இருக்கட்டும் என்று, சொப்புச் சாமானுக்குப் போடுவதுபோல் உருளைகளுக்குச் சிவப்பும் பச்சையுமாக அரக்கு ஏற்றினேன். நாற்பதும் விற்றுத் தீர்ந்தன. ஆனால் பங்குனி வெயிலில் அரக்கு இளகி, உருளை கம்பியோடு ஒட்டிக்கொண்டது. ஜெபக்கனி பஸ் ஏறி வீடு வீடாகப் போய் நாற்பதையும் திரும்ப வாங்கி வந்தார். என்னைத் திட்டவில்லை. "பிள்ளைய விளையாடுத சாமான் இல்ல அண்ணாச்சி. நின்ன காலுக்கு உள்ள சாமான்" என்றார். அன்றோடு அரக்கை நிறுத்தினேன். இன்றுவரை வெறும் மரம்தான்.

எங்களுக்குள் சண்டை வந்தது ஈர்க்கால். வாங்க வருகிறவரை ஸ்டூலில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றால் பாதத்தை அங்கங்கே தொடுவார். தொட்டவுடன் சொன்னால் பலகை உண்டு. சொல்லாவிட்டால் இல்லை. எவ்வளவு கெஞ்சினாலும் இல்லை. "டாக்டர்ட்ட போங்க, இது உங்களுக்கு ஆகாது" என்று அனுப்பிவிடுவார்.

திருநெல்வேலி ஜங்ஷனில் செருப்புக் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்து, மாதம் நூறு பலகை எடுப்பதாகச் சொன்னார். நூறு! அதை நம்பி இரண்டாவது இயந்திரம் வாங்கலாம். ஜெபக்கனி, "ஈர்க்கு வச்சுப் பாத்துதான் விப்பேன்னு சொல்லுங்க, தாரேன்" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்து, "என்ன வே, செருப்பு வாங்க வந்தவனுக்குப் பரிச்சை வைக்கச் சொல்லுதாக?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அன்று நான் கத்திய கத்தல் தெருமுனை வரை கேட்டிருக்கும். மூன்று வாரம் ஜெபக்கனியோடு பேசவில்லை. உருளை மட்டும் கடைந்து சாக்கில் கட்டி வைத்தேன்.

மூன்றாம் வாரம் ஜெபக்கனியே பட்டறைக்கு வந்தார். வாசலில் வாங்க வந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னார். என்னிடம் வருவதற்குச் சில வருடம் முன்பே அவர் வீட்டுக்கென்று செய்த முதல் பலகையில் ஒரு பாபின் ஊசிபோல் சிம்பு எடுத்திருந்ததாம். அவர் கணவர் சாமுவேல் சாயங்காலந்தோறும் அதில் காலை உருட்டியிருக்கிறார். சர்க்கரை வியாதி, பாதத்தில் உணர்வு கிடையாது. சிம்பு கிழித்தது அவருக்கே தெரியவில்லை. தரையில் இரத்தத்தைப் பார்த்து ஜெபக்கனிதான் கண்டுபிடித்தார். அதற்குள் புண் உள்ளே போயிருந்தது. காலை எடுத்தார்கள். மறு வருடம் ஆளும் போய்விட்டார்.

"சாமான் நல்ல சாமான்தான். ஆளு பாத்துக் குடுக்கணும். நான் பாக்கல. இனிமே பாக்காம குடுக்க மாட்டேன்" என்றார். பிறகு ஸ்டூலைக் காட்டினார். "இப்ப நீங்க இருங்க."

"எனக்கு எதுக்கு?"

"கண்ணை மூடுங்க. தொட்டதும் சொல்லுங்க."

மூடினேன். வலது காலில் தொட்டதும் சொன்னேன். இடது காலுக்குக் காத்திருந்தேன். நேரம் போனது. என்னிடம் விளையாடுகிறார் என்று எரிச்சல் வந்தது.

"எப்பம்மா தொடப் போற?"

"ஆறு தடவை தொட்டாச்சு அண்ணாச்சி."

கண்ணைத் திறந்தேன். ஈர்க்கின் நுனி என் பெருவிரலுக்குக் கீழே இருந்தது. வாசலில் நின்ற இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்நியர் முன்னால் என்னை இப்படி உட்காரவைத்ததற்காக அவரை வாயில் வந்தபடி ஏசினேன். அவர் ஈர்க்கைத் தலைமுடியில் செருகிக்கொண்டு, "டாக்டர்ட்ட போயிட்டு வந்து மிச்சத்தையும் ஏசுங்க" என்றார்.

யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போனேன். சர்க்கரை ஏறியிருந்தது. பெருவிரலுக்கடியில் நான் அறியாத ஒரு புண்ணும் இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரல் மட்டும் போயிருக்காது என்றார் டாக்டர். திரும்பி வந்து ஜெபக்கனியிடம், "போயிட்டு வந்தேன்" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். நன்றி என்ற சொல் என் வாயில் கடைசி வரை வரவில்லை. எட்டு வருடம் இருந்தது சொல்வதற்கு.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் அதே ஜங்ஷன் கடைக்காரர் போன் பண்ணினார். "அந்தம்மாதான் இல்லேல்லா, இனி ஈர்க்கு எதுக்கு வே? பெட்டில போட்டுத் தாரும். சர்க்கரைக்கு நல்லதுன்னு மேல அச்சடிச்சிருவோம். பார்சல்ல ஊரெல்லாம் போகும்." பியூலாவிடமும் பேசியிருக்கிறார். அவள் என்னிடம், "மாமா, உங்க இஷ்டம்" என்றாள்.

என் இஷ்டத்தை இங்கே எழுதிவைக்கிறேன், பிறகு யாரும் வந்து கேட்கவேண்டாம். பலகை பார்சலில் போகாது. அதன்மேல் எதுவும் அச்சடிக்கப்படாது. வேண்டியவர் காலோடு வரவேண்டும். இதனால் தொழில் சிறியதாகவே இருக்கும் என்றால் இருக்கட்டும்.

அவருடைய ஸ்டூல் என் பட்டறையில் இருக்கிறது. இயந்திரத்துக்கு மேலே ஆணியில் ஈர்க்கு இருக்கிறது. நான் கடைந்த உருளை எதன்மேலும் என் இடது காலை இதுவரை வைத்ததில்லை, வைக்கவும் மாட்டேன். ஜெபக்கனியால் தப்பிய அந்தக் காலை ஊன்றித்தான், நேற்றுப் பலகை வாங்க வந்த களக்காட்டுக்காரர் ஒருவருக்காக எழுந்து போனேன். உட்காரச் சொன்னேன். "எதுக்கு அண்ணாச்சி?" என்றார்.

"கண்ணை மூடும்" என்றேன்.