இரண்டு ஹிரோஷிகள்

நான் கார் ஓட்டும் தொழிற்சாலையில் ஹிரோஷி என்ற பெயரில் இரண்டு ஜப்பானியர்கள் இருந்தார்கள். எங்கள் ஊரே பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் என்று பிரிந்ததுதான். அதே மாதிரி டிரைவர்கள் நாங்கள் அவர்களைப் பெரிய ஹிரோஷி, சின்ன ஹிரோஷி என்று பிரித்து வைத்திருந்தோம். பெரியவர் வந்து நாலு வருஷமானதில் தமிழ் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. சின்னவன் டெங்குவில் படுத்தபோது, கோயிலுக்குப் போகலாம் என்றவர் அவர்தான்.

பெருமாள் சன்னதியில் சின்னவனுக்கு அர்ச்சனை செய்ய, பெயரையும் நட்சத்திரத்தையும் அர்ச்சகர் கேட்டார். ஜப்பானியர் யாரை அழைத்துப் போனாலும் என் நட்சத்திரமான ரோகிணியையே சொல்லிவிடுவது என் வழக்கம். அன்றும் சொல்ல வாயெடுத்தேன். நட்சத்திரம் எதற்கு என்றார் பெரியவர்.

"எந்த ஹிரோஷின்னு பெருமாளுக்குத் தெரியணும் இல்ல சார்" என்றேன்.

உடனே வரிசையை விட்டு விலகினார். ஜப்பானுக்குப் போன் போட்டு, சின்னவனின் அம்மாவிடம் அவன் பிறந்த தேதியையும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார். மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றோம். எனக்கு எரிச்சல்தான். அர்ச்சகர் தன் போனில் பார்த்து, "சுவாதி" என்றார்.

இதுவரை நான் இரவல் கொடுத்த ரோகிணிகளை நினைத்தபோது கூச்சமாக இருந்தது. அதை மறைக்க, "உங்களுக்கும் சேர்த்துப் பண்ணிடலாமே சார், ஒரே பேருதானே" என்றேன்.

கூப்பிய கையை இறக்காமலே அவர் சொன்னார்: "வேணாம்பா. இன்னைக்கு அந்தப் பேரு அவனுக்கு."