குரங்கு கொண்டுபோன கடைசி அத்தியாயம்

போன வருஷம் ஆடி மாதம், குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தபோது நடந்தது இது. எங்கள் வீடு மேலகரத்தில். பஸ் ஏறி டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் குற்றாலம் வந்துவிடும். இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலேயே நாங்கள் அருவிக்குப் போவது அபூர்வம். ராணுவத்தில் இருக்கும் தம்பி லீவில் வந்தால் மட்டும் குடும்பத்தோடு ஒரு குளியல் உண்டு.

எனக்கும் தம்பிக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரு பைத்தியம். ஏழு பாகமாக வரும் ஒரு மாயாஜால நாவல். மூலம் இங்கிலீஷ், நாங்கள் படிப்பது தமிழ் மொழிபெயர்ப்பு. கடல் வற்றிப்போன ஒரு தேசத்தில் தண்ணீரைத் தேடி ஓடம் ஓட்டிப் போகிறாள் ஒருத்தி. கடல் இல்லாமல் ஓடம் எப்படி ஓடும் என்று கேட்காதீர்கள், அதற்கு மந்திரம் இருக்கிறது. அவளுடைய தம்பி பனிமலைக் கோட்டையில் காவல்காரன். ஆறாம் பாகம் முடிகிற இடத்தில் எதிரிப் படை கோட்டையைச் சூழ்ந்துகொள்கிறது, கதவைச் சாத்துகிறார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் எழுத்தாளர் இதோ அதோ என்று வருஷக்கணக்கில் இழுத்தடித்துவிட்டார். உலகம் முழுக்க ரசிகர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். காவல்காரன் பிழைத்து வீடு திரும்புவானா, மாட்டானா?

திரும்ப மாட்டான் என்பது என் கட்சி. நமக்குப் பிடித்த ஆளைக் கொல்லாவிட்டால் அந்த எழுத்தாளருக்குச் சோறு இறங்காது. திரும்புவான் என்பது தம்பியின் கட்சி. அவனும் பனிமலையில் காவல் நிற்கிறவன், அவனுக்கு வேறு எந்தக் கட்சி இருக்க முடியும்? தோற்றவர் ஜெயித்தவரின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று பந்தயம் கட்டியிருந்தோம்.

இந்தப் பைத்தியத்தால் வீட்டில் ஒரு களேபரமே நடந்திருக்கிறது. தம்பி இருக்கும் இடத்தில் எப்போதாவதுதான் சிக்னல் கிடைக்கும். ஒருநாள் அப்படிக் கிடைத்த கொஞ்ச நேரத்தில், "யக்கா, காவக்காரன் உசுரோட இருக்கானா? ஏதும் தகவல் வந்துச்சா?" என்று கத்தினான். ஸ்பீக்கரில் இதைக் கேட்ட அம்மா, தம்பியோடு வேலை பார்க்கிற யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப்போய், பண்பொழி மலைக்கோயிலுக்குப் படியேறி வருவதாக நேர்ந்துகொண்டாள். விஷயம் தெரிந்த பிறகும், "நேந்தது நேந்ததுதாம்ட்டி, கதையில உள்ள புள்ளைன்னாலும் ஒரு தாய் பெத்த புள்ளதான" என்று போய் ஏறிவிட்டு, ஒரு வாரம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கற்பனைக் காவல்காரனுக்காக நிஜப் படி ஏறிய ஒரே ஆள் என் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும்.

அப்பாவுக்கு இதெல்லாம் ஆகாது. அவர் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. கேரள எல்லையில் சோதனைச் சாவடியிலேயே பாதி சர்வீஸைக் கழித்தவர். நாங்கள் புத்தகத்தைப் பிரித்தாலே, "கடலே இல்லாத ஊர்ல படகு விடுதாளாம். இத வாசிக்கதுக்கு வீட்ல ரெண்டு பேரு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

ஏழாம் பாகம் எல்லா மொழிகளிலும் ஒன்றாக வெளிவரும் நேரமும் தம்பியின் லீவும் ஒன்றாக அமைந்தது. நான் முன்பதிவு செய்துவிட்டு போனில் பார்சல் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அது மதுரைக்கு வந்தது, திருவனந்தபுரத்துக்குப் போனது, மறுபடி மதுரைக்கு வந்தது. தம்பி கூடத்தில் கூண்டில் அடைபட்ட புலி மாதிரி நடந்தான். கடைசியில் அவன் ரயிலேறுவதற்கு முந்தைய நாள் காலையில்தான் புத்தகம் கைக்கு வந்தது. செங்கல் கனம். அவன் திரும்பிப் போகிற இடத்தில் மாதக்கணக்கில் போனும் கிடையாது, தபாலும் நிச்சயமில்லை. விட்டால் முடிவு தெரியாமல்தான் அவன் பனியில் நிற்க வேண்டும். ரயிலேறுவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து படித்து முடித்தாக வேண்டும்.

இங்கேதான் நான் அதிபுத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். தம்பிக்குக் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. ஐந்தாம் பாகத்தில் அப்படிப் பார்த்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முடிவை உளறி, என் கையால் ஒரு கரண்டி அடியும் வாங்கியவன். அதனால் இந்த முறை பார்சலைப் பிரித்ததுமே ஒரு பிளேடை எடுத்து, கடைசி அத்தியாயத்தை மட்டும் தையலோடு அறுத்துத் தனியாக எடுத்துவிட்டேன். "அது என்ன புக்கா, கோழியாக்கா?" என்று அலறினான். நான் அசரவில்லை. அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒளித்து வைத்தேன். ஒளித்து வைத்த இடம், அவன் கொண்டுபோவதற்காக அம்மா கட்டி வைத்திருந்த நேந்திரங்காய் சிப்ஸ் பை. அம்மா முடிச்சுப் போட்ட பையை எங்கள் வீட்டில் யாரும் அவிழ்க்க மாட்டார்கள்.

அன்று பகலும் இரவும் மாற்றி மாற்றி வாசித்தோம். ஒருவர் சாப்பிடும்போது மற்றவர் உரக்கப் படிப்பது என்று ஏற்பாடு. விடிந்தபோது கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அப்போது பார்த்து அம்மா, "புள்ள சாயந்தரம் ரயிலேறுதான், சீசன்ல வந்துட்டு அருவியில தல நனைக்காம அனுப்பவா?" என்று கிளம்பிவிட்டாள். சரி, குளித்துவிட்டு அங்கேயே ஓரமாக உட்கார்ந்து முடிவைப் படிக்கலாம் என்று தீர்மானித்தோம். குளித்துவிட்டு வந்து கொறிப்பதற்கு அம்மா அந்த சிப்ஸ் பையையும் எடுத்துக்கொண்டாள். நானும் ரொம்ப வசதியாகப் போயிற்று என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஐந்தருவியில் நல்ல கூட்டம். குளித்துத் தலைதுவட்டி, வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ரம்புட்டான் விற்கும் கடையோரம் வந்து நின்றோம். சாரல் பூமாதிரி விழுந்துகொண்டிருந்தது. அம்மா பையைக் கீழே வைத்து ஈரப் புடவையைப் பிழியக் குனிந்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு தாட்டியான குரங்கு பையோடு பழக்கடைக் கூரைமேல் இருந்தது.

"ஐயோ சிப்ஸு!" என்று அம்மா கத்தினாள். "ஐயோ கடைசி அத்தியாயம்!" என்று நான் கத்தினேன். தம்பி திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அந்தக் குரங்கு சிப்ஸை முதலில் தொடவே இல்லை. கவரைப் பல்லால் கிழித்து, தாள்களை வெளியே எடுத்து, நிதானமாக ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தது. தம்பி கீழே நின்று, "லேய், வாசிக்காதலே! முடிவச் சொல்லிராதலே!" என்று கதறினான். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. அப்பா தன் பழைய உத்தியோகத் தோரணையில் கூட்டத்தை விலக்கி, குரங்கை நோக்கி விரலை நீட்டி, "மரியாதையா கீழ போடு" என்றார். அது கேட்கவில்லை. ஒரு கொத்து ரம்புட்டானை நீட்டிப் பேரம் பேசிப் பார்த்தார். அது ரம்புட்டானையும் பிடுங்கிக்கொண்டு, தாள்களைக் கொத்தாகக் கிழித்து வீசிவிட்டு, சிப்ஸ் பையோடு மரத்துக்குத் தாவிவிட்டது. தாள்களெல்லாம் ஓடையில் விழுந்து தண்ணீரோடு போயின. நாங்கள் பிடித்தது ஒரே ஒரு தாள். அதிலும் பாதி இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவனை நம்பாமல் செய்த வேலை, அவனுக்கே வினையாகிவிட்டது. இன்டர்நெட்டில் தேடலாம் என்று போனை எடுத்தேன். கூட்டத்தில் சிக்னல் இல்லை. தம்பியும் கையைத் தட்டிவிட்டான். "எவனோ ஒருத்தன் ஒரு வரியில போட்டத பாக்கதுக்கா இத்தன வருசம் காத்துக் கெடந்தோம்? விடுக்கா. நான் முடிவு தெரியாமலே போறேன்" என்று சொல்லி, அறுபட்ட புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அப்போது பக்கத்து வேனிலிருந்து ஓர் அம்மாள் இறங்கி வந்தார். கொல்லத்திலிருந்து சீசனுக்கு வந்த குடும்பம், அங்கே பள்ளிக்கூட டீச்சராம். ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்தார். தம்பி கையிலிருந்த அட்டைப் படத்தைப் பார்த்து, "அய்யோ மோனே, இது ஏழாம் பாகமல்லே? ஞான் இன்னலெ வாயிச்சு தீர்த்ததேயுள்ளு" என்றார். நேற்றுதான் வாசித்து முடித்தாராம். வேனுக்குள் கையை விட்டு அதே புத்தகத்தை எடுத்துக் காட்டினார். எனக்குச் சாமி வந்தது மாதிரி இருந்தது. வாங்கிப் பிரித்தால், உள்ளே அத்தனையும் மலையாளம்.

நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு இரண்டு பேரும் மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தோம்.

"என்னல பாக்கீய? நான் இந்தக் கூத்துக்கெல்லாம் ஆளில்ல" என்றார். அந்த அம்மாள், "சேட்டா, குட்டி வைகிட்டு போகுகயல்லே?" என்று கெஞ்சுவதுபோலக் கேட்டார். பையன் சாயந்தரம் ராணுவத்துக்கு ரயிலேறப் போகிறான் என்று அம்மா சொன்னது அவருக்குள்ளும் இறங்கிவிட்டது. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேனின் பின்பக்கம் உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் ஒரு பத்தி வாசிப்பார், அப்பா தமிழில் சொல்லுவார். ஆரம்பத்தில் அப்படியே ஸ்டேஷனில் புகார் எழுதுகிற பாணி. "மேற்படி ஓடக்காரியானவள் அன்றைய தினம் விடியற்காலையில், தனக்குச் சொந்தமான ஓடத்தில், கோட்டைக்கு வடபுறமாக வந்து சேர்ந்தாள்" என்றார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நடுவில் அந்த அம்மாள் ஏதோ ஒரு வரியில் நிறுத்தி, இது அவளுடைய அப்பா செய்துகொடுத்த ஓடம்தானே என்று கேட்டார். அப்பா சட்டென்று, "இல்ல டீச்சரே, அது நாலாம் பாகத்துலயே எரிஞ்சு போச்சே. இது அந்தக் குருட்டுத் தச்சன் குடுத்த ரெண்டாவது ஓடம்லா" என்றார்.

எல்லாரும் வாயைப் பிளந்தோம். அம்மா மட்டும் நிதானமாகத் தலையைச் சீவிக்கொண்டே, அப்பாவைக் காட்டி என்னிடம், "நீ வேலைக்குப் போனதும் இவியளுக்கு வேற என்ன சோலின்னு நெனச்ச? ஆறு பாகமும் ரெண்டு தடவ ஆச்சு" என்றாள். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மேல வாயிக்கு டீச்சரே" என்று அவசரப்படுத்தினார்.

அதற்கப்புறம் 'மேற்படி'யெல்லாம் காணாமல் போய்விட்டது. பனிப்புயலில் ஓடக்காரி கோட்டை வாசலில் நின்று தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில் அப்பாவின் குரலே மாறியது. ரம்புட்டான் கடைக்காரர்கூட வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நின்றார். கடைசிப் பத்தி. அந்த அம்மாள் தாழ்ந்த குரலில் வாசித்து முடித்தார். அப்பா கண்ணாடியைக் கழற்றி, ஈரத் துண்டால் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது இன்னும் அழுக்காகத்தான் ஆகியிருக்கும். மாட்டிக்கொண்டு சொன்னார்.

"கதவு தொறக்குது. காவக்காரன் வாரான். ரொம்ப மெலிஞ்சு போயிருக்கான், ஆனா வாரான். அக்காக்காரி ஓடத்த அங்கனயே போட்டுட்டு ஓடுதா."

அந்த அம்மாள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். பிறகு ஒட்ட வெட்டிய முடியோடு உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார். "அதெ, வந்நு", ஆமாம், வந்துவிட்டான் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

தம்பி எழுந்து குதித்த குதியில் இன்னும் இரண்டு குரங்குகள் ஓடின. பந்தயம் பந்தயம்தானே. சாயந்தரம் தென்காசி ஸ்டேஷனில், அத்தனை பேர் பார்க்க, அக்காக்காரி நான் தம்பி காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ரயில் நகர்ந்த பிறகும் அவன் ஜன்னல் வழியாகக் காலை நீட்டிக் காட்டிக்கொண்டே போனான்.

மனசு கேட்காமல் நான் இன்னொரு பிரதி வாங்கினேன். வந்ததும் நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போனேன். கோட்டைக் கதவு திறக்கிறது. வெளியே வருவது வேறொரு வீரன். அவன் கையில் காவல்காரனின் கம்பளிச் சால்வை மட்டும் இருக்கிறது. அவ்வளவுதான், கதை முடிந்துவிட்டது. நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தேன். வாசலில் அப்பா ஒன்றும் தெரியாதவர் மாதிரி பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தம்பியிடம் சொல்லவேண்டாம் என்று நினைத்திருந்தேன். மாதங்கள் கழித்து ஒருநாள் அவனே கூப்பிட்டான். அவனோடு இருக்கும் நாகர்கோவில் பையன் ஒருவன் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறான். "யக்கா, நீ வாசிச்சிட்டியா?" என்றான். ம் என்றேன். "அப்பாட்ட ஒண்ணும் கேட்டுராத. எனக்குத் தெரியும்னும் சொல்லிராத" என்றான். பிறகு, "ஆனா பந்தயத்துல நான் தோக்கல, கேட்டியா" என்றான்.

இந்தத் தை மாதம் அவன் லீவில் வந்தான். கேட் சத்தம் கேட்டு அப்பாதான் போய்க் கதவைத் திறந்தார். பிள்ளை இப்படி மெலிந்துபோய்விட்டானே என்று அம்மா ஒப்பாரி வைக்காத குறை. அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார், பையை வாங்கி உள்ளே வைத்தார், ஆட்டுக்கறி வாங்கப் போய்விட்டார். ஏழாம் பாகம் இன்றைக்கும் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது, அப்பா மட்டும் அதைத் தொடவே இல்லை. உலகத்து ரசிகர்களெல்லாம் அந்த முடிவு சரியா தப்பா என்று இப்போதும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் தம்பிக்கும், ஐந்தருவிச் சாரலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு ரிட்டயர்டு ஏட்டு சொன்னதுதான் முடிவு.