மேல்வீட்டுச் சாம்பிராணி

ஜேர்மனியில், ஹம் நகரில், எங்கள் மாடிப்படிகளுக்கு வெள்ளிக்கிழமை தெரியும். மேல்வீட்டிலிருந்து சாம்பிராணி மணம் இறங்கி வரும், படிப்படியாக, செருப்பில்லாமல். யாரோ சைவக்காரர் குடிவந்திருக்கிறார்கள் என்று அம்மா மோதகத்தோடு ஏறிப்போனாள். கதவைத் திறந்தவள் ஓமான்காரி. நெட்டை, நரைத்த கட்டை மயிர். சாம்பிராணி அவளுடைய மலையில் மரத்திலிருந்து வடிவதாம்.

அப்பா படியில் அவளோடு அரைகுறை டொச் மொழியில் கதைத்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் குரலைத் தணித்தார்.

“அவவும் இயக்கத்தில இருந்தவவாம். ஓமான்ர தோஃபார் மலையில தனிநாடு கேட்டு, சிவப்புக் கொடியோட, சுல்தானுக்கெதிராத் துவக்குத் தூக்கினவ.”

“நீங்கள் பங்கர் வெட்டினதோட ஓடி வந்தனீங்கள்,” என்றாள் அம்மா. “அவ தோக்கும்வரைக்கும் நிண்டிருக்கிறா.”

எனக்கு ஒன்பது வயது. இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு, ஊரில் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்கள். இயக்கம் என்றால் உலகத்தில் ஒன்றுதான், அது எங்களுடையது. ஆகவே அவள் எங்களவள். ஏனோ தமிழை மறைக்கிறாள். கதைகளில் மட்டும் இருக்கும் சுல்தானோடு சண்டை பிடித்தவள் எங்கள் தலைக்கு மேலே நடக்கிறாள்! காலடி கேட்டால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். கூரையின் மேல் ஒரு மலை நடந்தது.

ஒரு வெள்ளி, கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்தவர் புகையைக் கண்டு தீயணைப்புப் படையை அழைத்துவிட்டார். தலைக்கவசங்கள், கனத்த சப்பாத்துகள், கதவில் இடி இடியென்று குத்து. உள்ளே ஆள் அசையும் சத்தம் கேட்டது; கதவு அசையவில்லை. ஒருவன் கோடரியை எடுத்தான்.

“உடைக்கப் போறாங்கள். நீ கூப்பிடு பிள்ளை, உன்ர குரலுக்குத் திறப்பா,” என்று அம்மா என்னை முன்னே தள்ளினாள்.

நான் கதவோடு வாயை வைத்து, தமிழில் கத்தினேன்.

“அன்ரி, பயப்பிடாதேங்கோ! நாங்களும் இயக்கம்தான்!”

அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. கதவு திறந்தது.

புகைக்குள் நின்றாள், தூபக்காலை ஏந்தியபடி, முகிலுக்குள் சிகரம் நிற்பதுபோல. என்ன எரிகிறது என்று கேட்டவனுக்கு, “என் மலை,” என்று டொச்சில் சொன்னாள். கோடரிக்காரன் மோந்து பார்த்தான். “எங்கள் தேவாலயத்து மணமல்லவா,” என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

‘இயக்கம்’ என்ற என் சொல்லுக்குத்தான் கதவு திறந்தது என்று பலநாள் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். ஒன்றுதான் விளங்கவில்லை. வீட்டுக்குள் இருந்தவளுக்குக் காலில் சப்பாத்து, நாடா இறுகக் கட்டியபடி. கதவோரம் அடுக்கி மூடிய ஒரு பை, எங்கள் கட்டிலுக்கடியில் எப்போதும் இருந்ததைப் போலவே. சுல்தானுக்கே பயப்படாதவள் எங்கே வெளிக்கிட்டாள்?

அன்று அவர்கள் போனதும் அங்கேயே அம்மாவைக் கேட்டேன். அம்மா ஓமான்காரியின் காலடியில் குந்தியிருந்து, பள்ளியால் வந்த பிள்ளைக்குச் செய்வதுபோல, நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.