கொழும்புப் பயணமும் அம்மாவின் பொட்டும்

அக்கா ஒரு சிங்களவரைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனபோது எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. அழுதால் சம்மதித்ததுபோல் ஆகிவிடும் என்று அப்பா உத்தரவு போட்டிருந்தார். மாப்பிள்ளை கிழக்குத் தாம்பரத்தில் கல்லூரியில் படிக்க வந்தவர். படிக்க வந்தவர் படித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? கூடப் படித்த என் அக்காவையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஏரிப்பாசன நிலம், மாடு, மழை என்று வாய் ஓயாமல் பேசுகிற அப்பா, அக்கா பேரை மட்டும் அதன்பின் எடுக்கவே இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவள் முழுகாமல் இருந்தாள். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் கால் இரண்டும் வீங்கி, ரத்தக்கொதிப்பும் ஏறியிருந்ததால் கப்பலேறவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மாமியார் தங்கமானவள்தானாம், ஆனால் ஒரு சொல் தமிழ் தெரியாது. "வலி எடுத்தா நான் எந்த பாஷையிலம்மா கத்துவேன்?" என்று அக்கா எழுதியிருந்தாள். நான் வாசித்ததை அம்மா கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். "அவ வர முடியலைன்னா இன்னா, நான் போறேன்" என்றாள். துணைக்கு நான். டைப்பிஸ்ட் வேலை பார்ப்பவள், நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவாள், கல்யாணமும் ஆகவில்லை. வேறு யார் அகப்படுவார்கள்?

எனக்கோ கடல் என்றாலே பயம். கோவளத்தில் மீன் வாங்கப் போனால்கூட அலைக்குப் பத்தடி தள்ளி நிற்கிறவள் நான். நாங்கள் கப்பலேற வேண்டிய ராமேஸ்வரம் பக்கம் புயலில் ரயிலே கடலுக்குள் போன கதையை எங்கள் தெருவில் எல்லோரும் நேரில் பார்த்தவர்கள் மாதிரி சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கப்பலேறுவதற்காக அம்மை ஊசியும் காலரா ஊசியும் போட்டுக்கொண்டு கை வீங்கிக் கிடந்தபோது, காய்ச்சல் இறங்காவிட்டால் போகாமல் இருக்கலாமே என்று எனக்கு ஒரு நப்பாசை. பாழாய்ப்போன காய்ச்சல் மறுநாளே இறங்கிவிட்டது.

அம்மாவுக்குக் கடல் ஒரு பொருட்டே இல்லை. சுக்கு, வசம்பு, பூண்டு, கருப்பட்டி என்று பிரசவ மருந்துக்கு வேண்டியதைச் சேர்த்தாள். பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்துக் கிழித்து, குழந்தைக்குத் துணியாக மடித்து வைத்தாள். அப்பா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பெட்டி நிறைய நிறைய, அவர் கொல்லைப்பக்கத்திலேயே அதிக நேரம் இருந்தார்.

அங்கே எப்படி நடந்துகொள்வது என்று கேட்டுவர, குரோம்பேட்டையில் தெரிந்த பெண்மணி ஒருவர் வீட்டுக்குப் போனோம். கொழும்பில் கடை வைத்திருந்து, முன்பு அங்கே தமிழர்களை அடித்த கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பம் அவர்களுடையது. காபி கொடுத்தார்கள். கப்பல் ஒன்றும் செய்யாது, வாந்தி வந்தால் எலுமிச்சம்பழத்தை மோந்து பாருங்கள் என்றார்கள். அப்புறம் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளை கப்பலுக்கே வர்றாரா?"

"லீவு இல்லையாம். கொழும்பு ஸ்டேஷனுக்குத்தான் வர்றாரு."

"அப்போ கப்பல் நிக்கிற தலைமன்னார்ல இருந்து ரயில்ல நீங்க ரெண்டு பேரும் தனியா. அங்க இப்ப நிலைமை சரியில்லம்மா, ஊரடங்குன்னு வேற சொல்றாங்க. மூக்குத்தியைக் கழட்டிடுங்க. தாலியை ரவிக்கைக்குள்ள விட்டுக்குங்க. பொட்டு மட்டும் வேணவே வேணாம், தமிழச்சின்னு அதுதான் முதல்ல காட்டிக் கொடுக்கும். அன்னிக்கு எங்க தெருவில கூட்டம் வந்தப்ப, பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாதான் ஓடியாந்து என் பொட்டை அழிச்சா. அவ கவுனை எனக்கு மாட்டி, தன் தங்கச்சின்னு சொன்னா. இன்னிக்கு நான் இங்க உட்காந்து பேசறேன்னா அவளாலதான்."

திரும்பும் ரயிலில் அம்மா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். கூட்டமாக வந்தவர்களும் சிங்களவர்கள், உயிரைக் காப்பாற்றியவளும் சிங்களத்தி. என் அக்கா இதில் யார் வீட்டில் இருக்கிறாள் என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவின் யோசனை வேறாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள்.

"உங்கப்பா நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில கெடந்து வந்து ஒரு வருசம்கூட ஆவலை. இப்ப போயி நான் என் பொட்டை அழிக்கிறதா? நான் அழிச்ச நேரம் இங்க அவருக்கு ஒண்ணு ஆயிட்டா?"

"ஆவாதும்மா."

"நீ சொல்லுவே. சரி, நான் தொட மாட்டேன். கப்பலை விட்டு எறங்கறப்போ நீ அழிச்சுடு."

அன்றுமுதல் என் பயம் கடலையும் கூட்டத்தையும் விட்டுவிட்டு என் வலது கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. டைப் அடித்தால் தப்புத் தப்பாக விழுந்தது. அழித்தால் அப்பா, அழிக்காவிட்டால் அம்மா. போகாமல் இருந்தால் அக்கா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே தெரிந்தது. இரண்டாவது சனிக்கிழமை தட்டாரிடம் போய் அம்மாவின் மூக்குத்தியைக் கழற்றினோம். திருகு அழுக்கேறி இறுகிப்போய், எண்ணெய் விட்டும் அசையாமல், கடைசியில் ரத்தம் வந்துதான் வெளியே வந்தது. அதற்கே அம்மா வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் கட்டில் ஓரம் போய் அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

கிளம்புகிற நாள். சாயங்காலம் தாம்பரத்தில் ராமேஸ்வரம் போகிற போட் மெயில் பிடிக்க வேண்டும். அம்மா குளித்து, எப்போதும்போல் குங்குமம் வைத்துக்கொண்டு வந்து பெட்டியைப் பூட்டினாள். கொல்லையிலிருந்து அப்பா வந்தார். தோளில் ஈரத்துண்டு.

"இன்னாத்துக்கு அந்தப் பொண்ணைப் போட்டு பயமுறுத்தறே? நாலு நாளா சோறு எறங்கலை அவளுக்கு" என்றார் அம்மாவிடம். கிணற்றடியில் பேசியதெல்லாம் கொல்லையில் இருந்தவருக்குக் கேட்காமல் இருக்குமா? எங்களுக்குத்தான் அந்தப் புத்தி இல்லை.

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா துண்டின் முனையைச் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையால் அவள் பின்தலையைப் பிடித்து, பொட்டைத் துடைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாரு. குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். செத்தவன் பொண்டாட்டிக்குத்தான் அடுத்தவங்க அழிப்பாங்க. உசிரோட கீறவன் அழிச்சா அதுல இன்னா அபசகுனம் கீது? போயி புள்ளையப் பாத்துகினு வா."

புள்ளை என்று அவர் சொன்னது அக்காவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தேன். அழுகை அப்படியே நின்றுபோனது.

குங்குமம் போயிருந்தது. அது இருந்த இடத்தில், முப்பது வருஷமாகத் தினமும் வைத்து வைத்து, தோல் வட்டமாகக் கறுத்திருந்தது. அப்பாவும் பார்த்தார். மறுபடி துடைத்தார். துண்டை நனைத்துக்கொண்டு வந்து தேய்த்தார். எண்ணெய் தொட்டுத் தேய்த்தார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வுடுங்க. அது போவாது" என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டாள்.

தாம்பரம் பிளாட்பாரத்தில் மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி நின்றோம். விளக்கு போட்டதும் அம்மாவின் நெற்றியில் எண்ணெய் மினுங்கி, அந்த வட்டம் குங்குமத்தைவிடப் பளிச்சென்று தெரிந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஒருநாள் ரயில் வராமல் இருக்கட்டும் என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன். போட் மெயில் சரியான நேரத்துக்கு வந்தது.