பதினேழு மீன்களும் ஒரு கையெழுத்தும்

அவருக்கு வேலை வாஷிங் மெஷின் ரிப்பேர். எந்த வீட்டு மெஷினைத் திறந்தாலும் முதலில் சொல்வது, "உப்பு படிஞ்சிருக்குங்க." அதனால் பேட்டையில் அவர் பெயரே 'உப்பு' என்றாகிவிட்டது. போனில்கூட, "உப்பு அண்ணனா? மெஷின் சுத்த மாட்டேங்குது" என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த ஊர்த் தண்ணீர் அப்படி. குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கும். சோப்பு நுரைக்காது. அவர் மனைவி தலைவாரினால் சீப்போடு கொத்தாக முடி வரும். அந்தத் தண்ணீரால் வீட்டில் சுகமாக இருந்தவை மீன்கள் மட்டும்தான்.

வீடு மாறிப்போன வாடிக்கையாளர் ஒருவர், தூக்கிக்கொண்டு போக வழியில்லாமல் தொட்டியோடு கொடுத்துவிட்டுப் போனவை. விரல் நீளம்கூட இல்லாத ரெயின்போ மீன்கள், பதினேழு. திரும்பினால் பதினேழும் ஒன்றாகத் திரும்பும். "இதுக்கு உங்க உப்புத் தண்ணிதான் உசுரு. நல்ல தண்ணி ஆகாது" என்று கொடுத்தவர் சொல்லியிருந்தார். ஞாயிறுதோறும் இவர் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவார். இரண்டு வருடத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை.

அப்போதுதான் குடியிருப்புச் செயலாளர் ஒரு காகிதத்தோடு வந்தார். மொத்தக் கட்டடத்துக்கும், தண்ணீரின் உப்பை எடுக்கும் சாஃப்ட்னர் போடப் போகிறார்களாம். மனைவி படித்துக்கூடப் பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை இவரிடம் நீட்டினாள். முப்பது குடும்பம் கேட்கும் நல்ல தண்ணீரை மீனுக்காக வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? போட்டுவிட்டார்.

சாஃப்ட்னர் ஓட ஆரம்பித்த அன்று, மனைவி ஈரத்தலையோடு வந்து, "தொட்டுப் பாருங்க, பட்டு மாதிரி இருக்கு" என்றாள். தொட்டார். கண் மட்டும் தொட்டிப் பக்கம் போனது.

மூன்று ஞாயிறு தள்ளிப்போட்டார். தண்ணீர் கலங்கி, வாடை வரத் தொடங்கியதும் வேறு வழியில்லாமல் பாதியை எடுத்துவிட்டுப் புதுசை ஊற்றினார். மறுநாள் காலையில் மீன்கள் ஆளுக்கொரு மூலையில் நின்றன. துடுப்பை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, குளிரில் நடுங்குகிறவர்கள் போல. மூன்றாம் நாள் ஒன்று மிதந்தது. மனைவி பார்ப்பதற்குள் செய்தித்தாளில் சுருட்டி வெளியே கொண்டுபோனார்.

அதிலிருந்து ஆள் ஆளாக இல்லை. காலையில் பல் தேய்க்குமுன் எண்ணுவார். அசையும் மீனை எண்ணுவது லேசா? பதினாறு வரும், பதினாலு வரும், மறுபடி ஆரம்பிப்பார். அடுத்த தெருக்களில் மெஷின் பார்க்கப் போகும் வீடுகளில், "ரெண்டு கேன் தண்ணி பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டார். உப்புத் தண்ணீரைக் கேட்டு வாங்கும் மனுஷனை எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தினமும் வண்டியில் கட்டி, மூன்று மாடி சுமந்து, மூச்சிரைக்கத் தொட்டியில் ஊற்றினார். அப்படியும் இரண்டு போயின. பிறகு ஒன்று.

ஒரு நாள் குளியலறையில் கேன்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் மனைவி நின்றாள்.

"எதுக்குங்க நாலு கேன்?"

"மெஷின் டெஸ்ட் பண்ண."

"மீன் பதிமூணுதான் இருக்கு. போன வாரமே எண்ணிட்டேன்."

அவர் கையிலிருந்த கேனைக் கீழே வைத்தார். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டார். அவள் மீனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"உன் முடி கொட்டுதேன்னுதான்..."

"வாயைத் தொறந்து சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?" என்றவள் செருப்பை மாட்டினாள். "கிளம்புங்க. மீன் விக்கிறவங்களுக்குத் தெரியாததா?"

மீன் கடைக்கார அம்மா முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். "ஒரே நாள்ல பாதித் தண்ணிய மாத்தினீங்க. அது தாங்காம கிடக்கிறப்ப தினம் உப்புத் தண்ணியக் கேன் கேனா ஊத்தி மறுபடி இந்தப் பக்கம் இழுத்தீங்க. அதுங்க எதுக்குன்னு பழகும்?" சுண்ணாம்புச் சத்துப் பொடி ஒரு டப்பா எடுத்து வைத்தாள். "ஒரு மக் குழாய்த் தண்ணில ஒரு சிட்டிகை. ஒரு நாளைக்கு ஒரு மக், அவ்வளவுதான். மத்த நேரம் கையைக் கட்டிக்கிட்டு இருங்க."

தான் சுமந்த தண்ணீரே சில உயிரைக் கொண்டுபோயிருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கையைக் கட்டிக்கொண்டு இருப்பது கேன் சுமப்பதைவிடப் பெரிய பாடாக இருந்தது. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. மக் ஊற்றும் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். "நீங்க ஊத்தினா ரெண்டு மக்கா ஊத்திடுவீங்க, தள்ளுங்க." அந்த வாரம் இன்னும் இரண்டு செத்தன. இந்தமுறை இருவரும் சேர்ந்தே எடுத்துப் போட்டார்கள்.

பத்தாம் நாள் நடுப்பகலில், யாரோ வீட்டு மெஷினுக்குள் தோள்வரை கையை விட்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி எண். வேலை நேரத்தில் அவள் கூப்பிடுவதே இல்லை. ஈரக்கையோடு எடுத்து, "எத்தனை?" என்றார்.

"என்ன எத்தனை? பதினொண்ணும் ஒண்ணா சுத்துதுங்க. தீனி போட்டேன், எல்லாம் மேல வந்து தின்னுச்சு."

"சரியா எண்ணினியா?"

"மூணு தடவை எண்ணிட்டேன், போதுமா?"

"இன்னொரு தடவை எண்ணேன்" என்றார் அவர். அவள் எண்ணி முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.