சோத்தாங்கைக் கயிறு

புதுப் பட்டு நூலை நாலைந்து இழை சேர்த்து முறுக்கி மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் முதல் இரண்டு நாளைக்கு அரிப்பு தாங்காது. குளிக்கும்போது அரக்குச் சாயம் கரைந்து முழங்கை வரைக்கும் வழிய, பார்க்கிறவர்கள் பையன் எங்கேயோ விழுந்து அடிபட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று பதறுவார்கள். காய்ந்த பிறகு முகர்ந்தால் கஞ்சியும் சாயமும் கலந்த புளித்த வாசனை ஒன்று வரும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் கையில் கயிறு இல்லாத பையனே கிடையாது. காத்துக்கறுப்புக்கு ஒருத்தன் கட்டியிருப்பான், காய்ச்சலுக்கு ஒருத்தன், சாமிக்கு ஒருத்தன். என் கயிறு மட்டும் வேறு கட்சி. இதுதான் உன் வலது கை என்று எனக்கே அடையாளம் தெரிவதற்காக அம்மா கட்டியது அது.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

ஊரில் எல்லாருக்கும் ஒரு கை கெட்டிக்காரனாகவும் இன்னொன்று சோம்பேறியாகவும் பிறக்கிறது. எனக்கு மட்டும் இரண்டும் ஒரே மார்க் வாங்கிக்கொண்டு வந்துவிட்டன. பல் விளக்குவது, கோலி அடிப்பது, கல்லெறிந்து மாங்காய் விழ வைப்பது, அடுத்தவன் தலையில் குட்டிவிட்டு ஓடுவது என எதுவானாலும் எந்தக் கை பக்கத்தில் இருக்கிறதோ அது செய்துவிடும். மற்றவர்களுக்குச் சோறு தின்னும் கை "சோத்தாங்கை", கழுவும் கை "பீச்சாங்கை", கணக்கு முடிந்தது. எனக்கு அந்த வேளையில் எதில் சோறு ஒட்டியிருக்கிறதோ அதுதான் சோத்தாங்கை. நின்று யோசித்தால் வலது எது இடது எது என்று தெரியும், அவசரத்தில் தெரியாது. சின்ன வயதில் எனக்கு எல்லாமே அவசரம்தான்.

இதனால் என்னை யாரும் நம்பவில்லை. முதலில் சந்தேகப்பட்டவர் பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர். வீட்டுப்பாடம் எழுதும்போது பாதிப் பக்கத்தில் ஒரு கை வலித்தால் மற்ற கைக்கு மாற்றிக்கொள்வேன். அதைக் கையெழுத்து காட்டிக் கொடுத்துவிட்டது.

"யார்றா எழுதிக் குடுத்தது?"

"நாந்தான் டீச்சர்."

"மேல பாதி சாஞ்சிக்கினு இருக்குது, கீழ பாதி நிமுந்துக்கினு இருக்குது. மேல உங்கம்மாவா, கீழ உங்கக்காவா?"

நான் கரும்பலகைக்குப் போய் இரண்டு கையாலும் எழுதிக் காட்டினேன். அதோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். டீச்சர் இரண்டையும் அழித்துவிட்டு, "நாளைக்கு உங்கப்பாவ கூட்டிக்கினு வா" என்றார்.

அப்பா காஞ்சிபுரத்துக்கும் ஐயம்பேட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார், இப்போதும் ஓட்டுகிறார். பள்ளிக்கூடம் வரைக்கும் வந்ததில் ஒரு டிரிப் போன கோபத்தில், பையனுடைய உண்மையான கை எது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பிவிட்டார். வாசலில் நுழையும்போதே "புடிடா" என்று ஆட்டோ சாவியை என் முகத்துக்கு நேரே வீசுவார். ஒரு நாள் இந்தக் கை பிடிக்கும், மறுநாள் அந்தக் கை. அம்மாவின் வழி வேறு. பேசாமல் இருந்துகொண்டே பார்ப்பாள். கொசுவை எந்தக் கையால் அடிக்கிறேன், முதுகு அரித்தால் எந்தக் கை போகிறது, தூக்கத்தில் எந்தக் கை தலைக்குக் கீழே இருக்கிறது என்று அவள் கண் என் பின்னாலேயே வரும். எங்கள் வீட்டில் எதையாவது அம்மாவுக்குத் தெரியாமல் செய்ய முடிந்த மனிதன் அந்த நாளில் இல்லை.

பக்கத்து வீட்டுக் குமரேசன் மாமா தறிக்காரர். அவரிடமும் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இரண்டு கையையும் கோத்துக்கொள்ளச் சொன்னார், எந்தக் கட்டைவிரல் மேலே வருகிறதோ அதுதான் பலமான கை என்றார். முதல் தடவை வலது வந்தது. இன்னொரு தடவை கோத்தபோது இடது. அவர் காலைத் தறிக்குழிக்குள் விட்டுக்கொண்டே சிரித்தார்.

"விடுபா. நூல் ஓட்டற நாடாவ இந்தக் கை தள்ளுது, அந்தக் கை வாங்குது. இதுல எது சோத்தாங்கைனு நாடா வந்து கேட்டுதா?"

"தறிக்குச் சரி" என்றார் அப்பா. "நாளைக்கு நாலு பேர் முன்னாடி நிக்க வேணாமா? இவன் வேணும்னே நம்மள கலாய்க்கிறான்னு எனக்கு டவுட்டு."

அந்த டவுட்டில் பாதி நியாயம் உண்டு. சோதிக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் எனக்கும் ஒரு குஷி வந்து கையை மாற்றிவிடுவேன். எங்கே விளையாட்டு முடிந்து எங்கே நிஜம் ஆரம்பிக்கிறது என்று கொஞ்ச நாளில் எனக்கே பிடிபடவில்லை. எனக்குத் தெரியாமல் இரண்டு கையும் ராத்திரியில் பேசி வைத்துக்கொள்கின்றனவோ என்று கூடச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

கயிறு வந்தது மளிகைக்கடைக்காரரால். காலையில் கடை திறந்ததும் போய் இடது கையால் காசை நீட்டிவிட்டேன். "மொத போணி, பீச்சாங்கையில குடுக்கறான் பாரு" என்று அவர் தெருவே கேட்கக் கத்த, அம்மா குமரேசன் மாமா வீட்டில் கழிவு நூல் வாங்கி வந்து முறுக்கி என் வலது கையில் கட்டினாள். "குடுக்கறது, வாங்கறது, துன்றது, கும்புடறது எல்லாம் இந்தக் கை. கயிறப் பாரு, அப்புறம் நீட்டு." அதற்குப் பிறகு நான் யோசிப்பதை விட்டுவிட்டேன். கயிறு இருக்கிற பக்கம் வலது. அதைவிடச் சுலபமான படிப்பு எனக்கு வாழ்க்கையில் கிடைக்கவில்லை.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமுதா அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள், அப்போது நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஊசி போடக் கற்றுக்கொள்வதற்காக வீட்டில் இருந்த தலையணை, வாழைப்பழம் எதையும் விட்டுவைக்கவில்லை. அவள் புத்தகத்தில் இருந்த எலும்புப் படங்களை அம்மா அடுப்பு வேலைக்கு நடுவில் ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். அம்மா ஒன்பதாவது படிக்கும்போதே கல்யாணமாகி வந்தவள்.

அந்த வருஷம்தான் தாமல் கிராமத்தில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ஏரிப் பாசனத்தில் நிலம், சொந்த வீடு, பையன் நல்ல மாதிரி. ஒரே ஒரு நிபந்தனை. "பொண்ணு படிச்சது போதும், நம்ம வூட்ல யாரும் வேலைக்குப் போறதில்ல" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா சொல்லிவிட்டார். அவர்தான் அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் வாய். அப்பாவுக்கு இடம் பிடித்திருந்தது, தலையாட்டிவிட்டார். அக்கா இரண்டு நாள் அழுதாள். "இன்னும் ஒண்ணரை வருசம்பா" என்றாள். "அப்புறம் இந்த மாதிரி எடம் வராதுமா" என்றார் அப்பா. அம்மா வாயைத் திறக்கவில்லை. அப்பா முடிவு செய்த பிறகு வாயைத் திறந்து அவளுக்குப் பழக்கமும் இல்லை.

நிச்சயத்தன்று வீட்டுக்கு வெளியே சாமியானா போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெண்ணின் தம்பி மாப்பிள்ளைக்குச் சந்தனம் வைத்து மாலை போடவேண்டும். அன்றைக்கு நான்தான் பெரிய மனிதன். புதுச்சட்டைக்குப் பழைய கயிறு அசிங்கமாக இருக்கிறது என்று அறுத்துப்போட்டாயிற்று. அக்கா பட்டுப்புடவையோடு என் எதிரில் உட்கார்ந்து புதுக் கயிறு ஒன்றைக் கட்டினாள். பிறகு அம்மா தலை வாரினாள், சட்டைக் கையை இரண்டு பக்கமும் மடித்துவிட்டாள். வெளியே "மச்சான வரச் சொல்லுங்கபா" என்று குரல் வந்ததும் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக் கயிறு இல்லாத கையில் வைத்து, கயிறு இருந்த கையின் விரல்களைத் தன் முந்தானையால் துடைத்து, "கயிறப் பாத்து வெய்டா" என்று அனுப்பினாள்.

கயிற்றைப் பார்த்தேன். விரலைச் சந்தனத்தில் தோய்த்தேன். மாப்பிள்ளை நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தாராளமாக இழுத்துவிட்டேன்.

மேளம் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆனால் முன்வரிசையில் பேச்சு நின்றுபோனது.

"நில்லுபா" என்றார் தாமல் சித்தப்பா. "எந்தக் கைபா அது?"

"சோத்தாங்கைதான் மாமா" என்று நான் மணிக்கட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "பாருங்க, கயிறு இருக்குது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "கயிறு கட்டியா புள்ளைக்குக் கை காட்டிக் குடுக்கறீங்க? ஏன் சம்பந்தி, பையனுக்கு எதனா குறை இருக்குதா? இருந்தா முன்னாடியே சொல்லணும்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே, அவனுக்கு ரெண்டு கையும் வரும்" என்றார் அப்பா.

"ரெண்டு கையும் வருமா? இதுவரைக்கும் சொல்லவே இல்லியே."

அங்கேயே எனக்குப் பரீட்சை நடந்தது. தட்டில் இருந்த எலுமிச்சம்பழத்தைச் சித்தப்பா என் பக்கம் வீசினார், பிடித்தேன். திருப்பி வீசச் சொன்னார், மற்ற கையால் வீசினேன். பேனாவைக் கொடுத்து வெற்றிலையில் பேரெழுதச் சொன்னார், இரண்டு வெற்றிலையில் இரண்டு கையாலும் எழுதிக் கொடுத்தேன். குறை இல்லை என்று நிரூபித்துவிட்ட பெருமையில் நான் நின்றிருக்க, அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று அதிகமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே போனார். கடைசியில் மாப்பிள்ளையின் நெற்றியைக் கைக்குட்டையால் துடைத்தார். "மொத சந்தனமே பீச்சாங்கை. மனசு ஒப்பலபா. கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்."

சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் தெரு நாய்க்கும் தெரியும். ஆனாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள், பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டு.

அவர்கள் வேன் திரும்பியதும் அப்பா என்னை நோக்கிக் கையை ஓங்கினார். பயத்தில் எந்தக் கை முதலில் எழும்புகிறதோ அதுதான் உண்மையான கை என்று குமரேசன் மாமா ஒரு தடவை சொல்லியிருந்தார். இரண்டும் சேர்ந்தே எழும்பின.

"அவன ஏம்பா அடிக்கற?" என்று அக்கா குறுக்கே வந்தாள். "கயிறு கட்னது நானு. எதிர்ல உக்காந்து கட்னேன், பக்கம் மாறிப்போச்சு. நான் வேணும்னே கட்டுவேனா?"

அப்பா ஓங்கிய கையை இறக்கினார். எதிரில் உட்கார்ந்தால் வலது இடது மாறும், அது எல்லாருக்கும் நடப்பதுதானே. தாமலில் இருந்து யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. அக்கா மறுவாரம் காலேஜுக்குப் பஸ் ஏறினாள்.

எனக்குச் சந்தேகம் மெதுவாகத்தான் வந்தது. எதிரில் உட்கார்ந்திருக்கிற நோயாளியின் வலது கை எது என்று தெரியாமலா ஒன்றரை வருஷம் நர்சிங் படித்தாள்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவளை நான் வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன். அவள் படித்து முடித்து, ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, தன் படிப்பை நிறுத்தச் சொல்லாத ஒருத்தரைக் கட்டிக்கொண்டு, இன்றைக்கு மூன்று ஷிஃப்டிலும் ஜூனியர்களை விரட்டிக்கொண்டிருக்கிறாள். போன தீபாவளிக்கு வந்தவளிடம் மறுபடியும் ஆரம்பித்தேன்.

"ஒத்துக்கோ சிஸ்டர். பிளான் பண்ணித்தானே கட்ன?"

"மேளச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் ஓடலடா. எது எந்தக் கைனு சாமி சத்தியமா நான் பாக்கல" என்றாள். பிறகு சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தாள். "சரி, என்னையே கேளு. அதுக்கப்புறம் உனக்குத் தலை வாரினது யாரு? சட்டைக் கை மடிச்சது யாரு?"

சந்தனத்தில் தோய்க்க வேண்டிய விரலைத் துடைத்து அனுப்பியதும் அம்மாதான்.

பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் இப்போது சேலை விரித்துக் காட்டும் வேலையில் இருக்கிறேன். இரண்டு கையாலும் விரித்துப் போடுவேன், எந்தக் கை என்று யாரும் கேட்பதில்லை. வருகிறவர்களின் சந்தேகமெல்லாம் பட்டு அசலா என்பதில்தான். செல்போனில் இரண்டு கட்டைவிரலையும் பதிவு செய்து வைத்திருக்கிறேன், அது இரண்டையும் நம்புகிறது. ஊரே கூடிச் சோதித்த அந்தக் கேள்வி பதில் கிடைக்காமலே காணாமல் போய்விட்டது. இடது கையால் காசு கொடுத்ததற்குக் கத்திய மளிகைக்கடைக்காரர் வாசலில் இப்போது ஒரு க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது, போனைக் காட்டினால் போதும். குமரேசன் மாமா மகனோடு ஒரகடம் பக்கம் போய்விட்டார். கொசு அடிக்கும் கையைக்கூடக் கணக்கு வைத்த அம்மாவின் கண்ணும் இப்போது என் பக்கம் திரும்புவதில்லை.

திரும்புகிறதா என்று பார்க்க ஒரு நாள் வேண்டுமென்றே இடது கையால் சோற்றைப் பிசைந்தேன். அம்மா பார்த்தாள். குழம்புக் கரண்டியோடு வந்து ஊற்றினாள்.

"இன்னாமா, எந்தக் கைனு பாக்கலியா?"

"எந்தக் கைல துன்னா இன்னாடா" என்றாள். "வவுறு ஒண்ணுதானே."

இதை அன்றைக்கு அந்தத் தாமல்காரரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கேட்கவில்லை. பக்கத்தில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் சந்தேகம் வரவில்லை.